மோட்டர்ஹோமில் நான் தொடாமல் விட்ட மூலை

கதவைத் திறந்ததும் உள்ளே ஏறிவிடாதீர்கள். படியில் ஒரு காலை வைத்து, மற்றக் காலைத் தரையிலேயே விட்டு, கொஞ்சம் நில்லுங்கள். மூச்சை இழுங்கள். ஓடும் வீடான பழைய மோட்டர்ஹோம் ஒன்று தன்னைப் பற்றிச் சொல்லும் முதல் உண்மை அந்த ஒரு மூச்சில்தான் இருக்கிறது. இரண்டாவது மூச்சில் மூக்கு சமாதானமாகிவிடும். மூன்றாவதில் நீங்களும் அந்த வீட்டு ஆளாகிவிடுவீர்கள்.

விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் நின்று, பாவித்த மோட்டர்ஹோம்களைச் சோதித்துச் சொல்வதுதான் என் வேலையாக இருந்தது. எத்தனை வண்டிகளுக்கு அடியில் படுத்து எழும்பினேன் என்று எனக்கே தெரியாது. முழங்கால்கள் இரண்டுக்கும் என்னை விடக் கெதியாக வயதுபோய்விட்டதால், ஐம்பதைத் தாண்டிய கையோடு விலகிவிட்டேன். அந்த வேலைக்கு இப்போது நீங்கள் புதிதாக வந்திருக்கிறீர்கள். ஈரம் பார்க்கிற மீற்றரை எப்படிப் பிடிப்பது, காஸ் குழாயில் கசிவை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். நான் சொல்ல வந்தது பயிற்சித் தாளில் இல்லாதது. அதில் என் வெட்கமும் கொஞ்சம் கலந்திருக்கிறது.

எண்பதுகளின் நடுவில், லண்டன் ஹவுன்ஸ்லோவில் ஒரு கராஜில் தொடங்கினேன். விமானங்கள் காலை நீட்டிக்கொண்டு எங்கள் தகரக் கூரைக்கு மேலால் இறங்கும். ஒவ்வொன்றுக்கும் கதையை நிறுத்தி, அது போனபின் விட்ட சொல்லில் இருந்து தொடருவோம். எனக்குத் தெரிந்தது எஞ்சின். எஞ்சின் பொய் சொன்னால் எனக்குக் கேட்கும். அப்படியிருக்க, ஓய்வுபெற்ற வெள்ளைக்காரத் தபால்காரர் ஒருவர், தான் வாங்கப்போகும் மோட்டர்ஹோமைக் கொண்டுவந்து பார்க்கச் சொன்னார். அரைமணி நேரம் அந்த எஞ்சினைக் காது கொடுத்துக் கேட்டேன். பூனை உறுமுவதுபோல அப்படியொரு சுகமான சத்தம். ‘திறம்’ என்று எழுதிக் கொடுத்தேன்.

இரண்டு கிழமை கழித்து அவர் திரும்பி வந்தார். கோபப்படவில்லை. என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய், “நட” என்றார். நடந்தேன். ஈரத்தில் அழுகிய தரை பாண் துண்டுபோல அமுங்கியது. கராஜ் முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அந்த மனிசன் எஞ்சினுக்குள்ளயா படுக்கப்போறார்?”

அவர் கேட்டது ஆங்கிலத்தில். எனக்கு அது இன்றுவரை தமிழில்தான் கேட்கிறது.

அன்றிலிருந்து வீட்டுப் பக்கத்தில் இருந்து தொடங்குவேன். மோட்டர்ஹோம் என்பது ஒரு லொறியும் ஒரு வீடும் செய்துகொண்ட கலியாணம். லொறிக்கு ஓடினால் சந்தோசம், வீட்டுக்கு நின்றால் சந்தோசம். இரண்டும் சண்டை பிடிக்கிற இடங்கள் மூலைகளும் பொருத்துகளும். ஓடும்போது பொருத்துகள் அசையும், நிற்கும்போது மழை அந்த அசைவுக்குள் விரல் விடும். ரயரின் பூவரிகள் தேயவில்லை என்று மயங்காதீர்கள், பக்கத்தைப் பாருங்கள். நிற்கிற வண்டிக்கு ரயர் தேயாது, வெடிக்கும். எஞ்சின் மூடியைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருமுன் யாரோ அதைத் தட்டி எழுப்பிவிட்டார்கள் என்று பொருள். குளிர்ந்த எஞ்சின் எழும்புவதை உங்கள் காதால் கேளுங்கள். இதையெல்லாம் நான் சரியாகச் செய்தேன். ஒருநாளும் தவறவில்லை. சூடான மூடியை வைத்து என்னை யாரும் ஏமாற்றியதில்லை.

ஆனால் ஒரு வீட்டையும் அப்படித் தட்டி எழுப்பி வைக்கலாம் என்பது எனக்குத் தெரியாமல் இருந்தது. அதை நான் நோர்பரியில், ஒரு வெள்ளிக்கிழமை, ராகு காலத்தில் படித்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அப்போது நான் தனியாகத் தொழில் செய்துகொண்டிருந்தேன். குகன் அண்ணையும் ராஜி அக்காவும் என்னைத் தேடி வந்தார்கள். குகன் அண்ணைக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு மூன்று வருடம். வயிற்றில் ஒரு மெல்லிய குழாய். அதன் வழியாக ஒரு நாளைக்கு நாலு தரம், பழைய தண்ணீரை இறக்கி, பையில் இருக்கும் புது மருந்துத் தண்ணீரை ஏற்ற வேண்டும். ஆஸ்பத்திரி தேவையில்லை, வீட்டிலேயே செய்யலாம். ஆனால் இடம் சுத்தமாக இருக்க வேண்டும், காற்றுக்கூட. ஒரு கிருமி அந்தக் குழாய் வழியே உள்ளே போனால் வயிறு முழுக்கப் பழுத்துவிடும். ஒருமுறை அப்படி வந்து மயிரிழையில் தப்பியவர்.

அவருக்கு ஜேர்மனியில் ஒரே ஒரு தம்பி. அவனுடைய அகதி வழக்கு முடிகிற பாடாயில்லை. முடியும்வரை அவனுக்கு இருக்கிற ஊர் எல்லையைத் தாண்டவே அனுமதி தேவை. லண்டனுக்கு வருவது கனவிலும் இல்லை. இவருக்கு இங்கே பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது. இருவரும் நேரே கண்டு பதினொரு வருடம்.

“அவன் வர ஏலாது, நான் போக ஏலும்,” என்றார் குகன் அண்ணை. “அவ்வளவுதான் தம்பி கதை.”

“பிளேனிலை போனா மருந்துப் பெட்டியளுக்கு இன்னொரு பிளேன் வேணும்,” என்றார் ராஜி அக்கா. அவர் ஹீத்ரோவில் விமானங்களுக்குச் சாப்பாடு ஏற்றும் லொறி ஓட்டுபவர். “ரெண்டு கிழமைப் பெட்டியும், இவரும், ஒரு துப்பரவான அறையும். மூண்டையும் ஏத்திக்கொண்டு நான் ஓட்டுறன். நீர் வண்டியை மட்டும் பாத்துச் சொல்லும்.”

அவர்கள் கண்டுபிடித்திருந்த வண்டி எங்கள் ஆளுடையது. நோர்பரியில் ஒரு மாஸ்ரர். ஊரில் கணக்குப் படிப்பித்தவர், இங்கே வந்து பெற்றோல் ஸ்ரேஷனில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பிரித்தானியாவில் எந்தக் கோயிலில் தேர் என்றாலும் மனைவியுடன் அந்த மோட்டர்ஹோமில் போய் இறங்கிவிடுவார். இப்போது கண் பார்வை குறைந்து, ஓட்டக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். வேறு ஆட்கள் கேட்டும் கொடுக்கவில்லை. எங்கட சனம் எடுத்தால் சந்தோசம் என்று வைத்திருந்தார்.

நாளும் நேரமும் அவர்தான் குறித்தார். வெள்ளி பத்தரையில் இருந்து பன்னிரண்டு ராகு காலம்.

“பாக்கிறதுக்கு ராகு காலம் ஒண்டும் செய்யாது,” என்று ரெலிபோனில் எனக்கு விளங்கப்படுத்தினார். “குடுக்கிறதுக்குத்தான் ஆகாது. நீர் பத்தரைக்கு வந்து பாரும். பன்னிரண்டு பத்துக்குத் திறப்பைக் குடுப்பன். நேரே கோயிலுக்குப் போகட்டும்.”

நான் போனபோது குகன் அண்ணையும் ராஜி அக்காவும் வந்திருந்தார்கள்; நாலு ரயரின் கீழும் நாலு எலுமிச்சம்பழம் ஏற்கெனவே வைத்தாயிற்று. வீட்டு வாசல் மேசையில் ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், நடுவில் வண்டியின் திறப்பு. வண்டியின் வெள்ளை உடம்பு மெழுகு பூசி மினுங்கியது.

கதவைத் திறந்து, படியில் காலை வைத்து, மூச்சை இழுத்தேன்.

சாம்பிராணி.

இப்படித்தான் நடந்தது, வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை. அந்த மணம் வந்த கணத்தில் என் தோள்கள் இரண்டும் தானாக இறங்கின. சோதிக்க வந்தவன் என்பது மறந்து, வந்திருப்பவன் ஆகிவிட்டேன். யாரும் சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றினேன். பத்துப் பன்னிரண்டு வருட லண்டன் குளிரில் எத்தனையோ வீட்டுக் கதவுகளில் முன்னால் ஓடிவந்து என்னை வரவேற்ற மணம் அது. அதைச் சந்தேகிக்க என் மூக்கை யாரும் பழக்கவில்லை.

மாஸ்ரரின் மனைவி ஒவ்வொரு வெள்ளியும் விடிய வண்டிக்குச் சாம்பிராணி போடுவாராம். ஏனென்றால் வண்டிக்குள் சாமி இருந்தது. ஓட்டுபவரின் தலைக்கு மேலே, வண்டிக்கு நெற்றிபோல முன்னே தள்ளி நிற்கும் ஒரு படுக்கை இருக்குமே, அதைத்தான் அவர்கள் சாமியறை ஆக்கியிருந்தார்கள். சுவர் மூடச் சிவப்புப் பட்டு. பிள்ளையார், முருகன், அம்மன், சிவன், எல்லாம் கண்ணாடிப் படங்கள். வண்டி குலுங்கினாலும் விழாதபடி ஒவ்வொன்றுக்கும் குட்டி மரச் சட்டம்.

“ஓடுற வண்டிக்கு ஈசான மூலை எது எண்டு கன நாள் யோசிச்சனான்,” என்றார் மாஸ்ரர் வாசலில் நின்று. “பிறகு உயரமான இடம்தான் சாமிக்கு எண்டு முடிவெடுத்தன்.”

வேலையைத் தொடங்கினேன். தரை முழுக்க வெறுங்காலால் நடந்தேன். பாறைபோல இருந்தது. யன்னல் ஓரங்கள், பின் மூலைகள், அலுமாரிகள், இருக்கைக்குக் கீழ்ப் பெட்டிகள், எல்லாவற்றிலும் மீற்றரின் இரண்டு ஊசிகளையும் குத்தினேன். காய்ந்த மரம். தண்ணீர்ப் பம்பு, குளிர்பெட்டி, காஸ் அடுப்பு, எல்லாம் பத்துக்குப் பத்து. எஞ்சின் மூடி குளிர்ந்திருந்தது, எழும்பிய சத்தமும் நேர்மையாக இருந்தது. ஒரு வண்டி இவ்வளவு பாரம்தான் ஏற்றலாம் என்று ஒரு தகட்டில் எழுதியிருக்கும். இரண்டு கிழமை மருந்துப் பெட்டிகள் என்ன நிறை வரும் என்று கேட்டு, ஆட்களின் நிறையையும் கூட்டி, அதற்குள் அடங்குகிறது என்று கணக்குப் போட்டுச் சொன்னேன். அந்தக் கணக்கைக் கேட்டுக் குகன் அண்ணையின் முகம் மலர்ந்தது. எனக்கும் என்னைக் கொஞ்சம் பிடித்துப்போனது.

நெற்றியை மட்டும் தொடவில்லை. அண்ணாந்து பார்த்தேன், கும்பிட்டேன், இறங்கினேன்.

இதை நீங்கள் கவனிக்க வேண்டும். மோட்டர்ஹோமில் மழை முதலில் நுழைகிற இடமே அந்த நெற்றிதான். ஓடும்போது காற்றும் தண்ணீரும் நேரே போய் மோதுகிற இடம். வேறு எந்த வண்டியாக இருந்தாலும் நான் முதலில் ஏறியிருப்பது அங்கேதான். அன்றைக்கு ஏறவில்லை. மறக்கவும் இல்லை. சாமிப் படத்தைத் தள்ளி வைத்துவிட்டுச் சுவரில் ஊசியால் குத்த எனக்குக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

பன்னிரண்டுக்குக் கால் மணி இருக்கும்போது முன்னறையில் தேத்தண்ணி வந்தது. நான் சொன்னேன்: “திறமான வண்டி. எடுக்கலாம்.”

மாஸ்ரர் மனைவியைப் பார்த்துத் தலையாட்டினார். குகன் அண்ணை கண்ணை மூடித் திறந்தார். ராஜி அக்கா கைப்பையைத் திறந்து, கடதாசியில் சுற்றிய ஒன்றை எடுத்தார். பித்தளைக் கொழுக்கி ஒன்று. மருந்துப் பையை உயரத்தில் கொழுவினால்தானே தண்ணீர் இறங்கும்.

“நேரம் கிடக்குத்தானே, இதைப் பூட்டிவிடும் தம்பி. கொழுக்கி ஏறின பிறகுதான் அது எங்கட வீடு.”

எல்லோரும் வண்டிக்குப் போனோம். குகன் அண்ணை இருந்து பார்த்து இடத்தைத் தெரிவு செய்தார். முன் இருக்கைக்குப் பின்னால், சாமியறை சுவரோடு சேருகிற இடத்தில் ஒரு மரத்தூண். உயரமும் சரி, கீழே சாய்ந்திருக்க இருக்கையும் சரி. கொழுக்கியைப் பிடித்து, திருகாணியை வைத்து, ஸ்குரூட்ரைவரை எடுக்கக் குனிந்தேன். தேவைப்படவில்லை. விரலால் திருகவே ஆணி உள்ளே போனது. கேக்கில் குத்தின மெழுகுதிரிபோல.

வெளியே இழுத்தேன். ஆணியின் புரியில் கறுப்பாக, ஈரமாக, மரத்தின் சதை. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன். சாம்பிராணிக்கு அடியில் அவ்வளவு நேரமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒளிந்திருந்த அழுகல் மணம் அதுதான்.

“என்ன முழிக்கிறீர்?” என்றார் ராஜி அக்கா. “ஆணி பிழையோ?”

“ஆணி சரி அக்கா.”

“அப்ப?”

ஒரு சாண் கீழே ஆணியை வைத்துத் திருகினேன். அங்கே இறுகியது. நல்ல காய்ந்த மரம்.

அந்த நிமிடத்தை உங்களுக்கு ஒளிக்காமல் சொல்கிறேன். கொழுக்கியை அங்கே பூட்டியிருக்கலாம். எவருக்கும் தெரியாது. திறப்பு கைமாறும், எலுமிச்சம்பழம் நசியும், எல்லோரும் சிரிப்பார்கள். அடுத்த கிழமை நானே ஒரு சாட்டுச் சொல்லி வண்டியை வாங்கி, சத்தமில்லாமல் மேலே கழற்றித் திருத்திக் கொடுக்கலாம். என் சொல் உடையாது. மாஸ்ரர் மனம் நோகாது. அது களவுகூட இல்லை, ஒரு சின்னச் சுற்றுப்பாதை. மூளை எவ்வளவு கெதியாக வேலை செய்தது என்று நினைத்தால் இப்போதும் ஆச்சரியம்.

பின்னால் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். குகன் அண்ணை வண்டிக்குள் இருந்த சின்னத் தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தார். பை மாற்றும் நேரம் இன்னும் வரவில்லை, சும்மா ஒரு ஒத்திகை. என்றாலும் முழங்கை வரை சவர்க்காரம் போட்டு, ஒவ்வொரு விரலாக, நகக்கண் நகக்கண்ணாக, தாதி சொல்லிக் கொடுத்தபடியே கழுவினார். பிறகு கையை எங்கும் படாமல் நெஞ்சுக்கு நேரே உயர்த்திப் பிடித்துக்கொண்டு இருக்கைக்கு வந்தார். தலைக்கு மேலே சிவப்புப் பட்டு. பட்டுக்குப் பின்னால் என்ன என்பது எனக்கு மட்டும் தெரியும்.

“அண்ணை, நான் சொன்னது பிழை,” என்றேன். “இந்த வண்டியை இண்டைக்கு எடுக்க ஏலாது.”

மாஸ்ரர் வாசலில் இருந்து உள்ளே ஏறினார். “என்ன கதைக்கிறீர்? இப்பதானே திறம் எண்டு சொன்னனீர்?”

“ஓம் மாஸ்ரர். மேலை பாக்காமல் சொல்லிப்போட்டன்.”

“ஏன் பாக்கேல்லை?”

“சாமி இருந்தது.”

ராஜி அக்கா சிரித்தார், கோபமும் கலந்த சிரிப்பு. “நல்ல கதை. ஒரு வெள்ளைக்காரனைக் கூப்பிட்டிருந்தா அவன் சாமியைத் தூக்கி ஒரு பக்கம் வைச்சிட்டுப் பாத்திருப்பான்.”

“ராஜி, சும்மா இரும்,” என்றார் குகன் அண்ணை.

“நான் ஏன் சும்மா இருக்கிறது? காசு குடுத்துக் கூப்பிட்டது கும்பிடவோ, பாக்கவோ?”

தூணில் முதல் ஆணி போன ஓட்டையைத் தோண்டி, விரலோடு வந்த கறுத்த ஈரமரத்தைக் காட்டினேன்.

மாஸ்ரரின் முகம் கறுத்துவிட்டது. “அப்ப நான் பழுதை மறைச்சு விக்கிறன் எண்டு சொல்லுறீரோ? சாமிப் படத்துக்குப் பின்னாலை?”

“இல்லை மாஸ்ரர். மறைச்சது மழை. உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இப்ப ரெண்டு பேருக்கும் தெரியும்.”

அவருடைய மனைவிதான் முடிவெடுத்தார். “தள்ளுங்கோ,” என்று முன்னால் வந்து, ஒவ்வொரு படமாகக் கண்ணில் ஒற்றி, இருக்கையில் வைத்தார். கடைசியாகப் பிள்ளையார். அதன் பின் அட்டை ஊறிக் கையோடு வந்தது. பிறகு பட்டுத் துணியை இழுத்தார். சுவரில் ஒட்டிப்போயிருந்த பட்டு, காயத்தில் இருந்து கட்டைப் பிரிப்பதுபோலச் சத்தம் போட்டு விலகியது. பின்னால், கூரைப் பொருத்தில் இருந்து கீழே, கறுப்புப் பூஞ்சணம் ஆறுபோலக் கிளை கிளையாகப் பிரிந்து இறங்கியிருந்தது.

“ஐயோ, இதுக்கு முன்னாலை நிண்டோ நான் இவ்வளவு நாளும் கும்பிட்டனான்,” என்றார் அந்த அம்மா.

குகன் அண்ணை அதை ஆறுதலாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “தம்பி, பரவாயில்லை. துடைச்சுப்போட்டு எடுப்பம். நல்ல நேரம் இருக்குது. அவன் அங்கை நாள் எண்ணிக்கொண்டிருக்கிறான்.”

“இதுக்குள்ளை நீங்கள் பை மாத்த ஏலாது அண்ணை.”

“என்ர உடம்பு. நான் பாத்துக்கொள்ளுறன்.”

“உங்கட உடம்புதான். ஆனா திறம் எண்டது என்ர சொல். அதை நான் திருப்பி எடுக்கிறன்.”

அவர் கையைத் தாழ்த்தினார். அவ்வளவு நேரமும் எங்கும் படாமல் உயர்த்திப் பிடித்திருந்த கை. தாழ்த்தி, மடியில் வைத்துக்கொண்டார். என் வேலை நாட்களில் ஒரு மனிதனுக்கு நான் ‘இல்லை’ என்று சொன்னதில் அதுதான் மிகப் பாரமானது.

பன்னிரண்டு பத்து வந்தது, போனது. மாஸ்ரர் இறங்கி, குனிந்து, நாலு ரயரின் கீழும் இருந்த எலுமிச்சம்பழங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டார். நாலாவதை எடுத்து நிமிர்ந்தவர் கேட்டார்: “எத்தினை கிழமை எடுக்கும், கழட்டிப் பூட்ட?”

“ஆறு.”

“வேறை ஆருக்கும் குடுக்கமாட்டன். உமக்குக் கை உதவிக்கு நான் நிக்கிறன். கண்தான் தெரியாது, கை இருக்குது.”

ஆறு ஞாயிற்றுக்கிழமைகள். நான் அழுகலை வெட்டி எடுக்க, மாஸ்ரர் புது மரத்தை விரலால் தடவித் தடவி அளந்து, கணக்கு வாத்தியார் அல்லவா, ஒரு மயிரிழையும் பிசகாமல் கோடு போட்டுத் தந்தார். கூரைப் பொருத்தைத் திறந்து புதுப் பசை இழுத்தோம். சாமிகள் எல்லாம் வீட்டு முன்னறைக்குக் குடிபோயிருந்தார்கள். “அவைக்கு வீடு பிடிச்சுப்போச்சு, இனி வண்டிக்கு வராயினம்,” என்று அம்மா பகிடி விடுவார். மத்தியானம் அங்கேதான் சாப்பாடு. ராஜி அக்கா ஷிப்ட் முடிந்து வந்து ஒரு மூலையில் நின்று எங்கள் வேலையைச் சோதிப்பார். “அங்கை சாமி இல்லைத்தானே தம்பி? வடிவாத் தொட்டுப் பாரும்.” அந்த நக்கலுக்காகவே நான் எல்லாவற்றையும் இரண்டு தரம் தொட்டுப் பார்த்தேன்.

அப்போதுதான் ஒரு வழக்கத்தைப் பிடித்தேன், இன்றும் உங்களிடம் அதைத்தான் கொடுக்க விரும்புகிறேன். குளிர்ந்த எஞ்சினைக் கேட்பதுபோலக் குளிர்ந்த வீட்டையும் கேளுங்கள். இரண்டு நாள் பூட்டியிருக்க வேண்டும். சமையல் இல்லை, ஹீற்றர் இல்லை, பூ மணக்கும் ஸ்பிறே இல்லை, சாம்பிராணியும் இல்லை. பிறகு, உங்கள் கை தயங்குகிற இடம் எதுவென்று கவனியுங்கள். ஒவ்வொரு வண்டியிலும் ஒன்று இருக்கும், எல்லாவற்றிலும் அது சாமியாக இருக்காது. ஒருமுறை ஓர் ஆங்கில விதவையின் அலுமாரியில் கணவரின் மழைக்கோட் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னொருமுறை யன்னலோரம் முழுக்க ஒரு குழந்தை கிறுக்கிய படங்கள் ஒட்டியிருந்தன. நீங்கள் தள்ளிவைக்க வேண்டாம். “கொஞ்சம் எடுத்து வைக்கிறீர்களா?” என்று கேளுங்கள். அவர்கள் எடுத்து வைப்பார்கள். அந்தப் பின்புறத்தைப் பார்க்காமல் மட்டும் வீட்டுக்குப் போகாதீர்கள். மரியாதை வேறு, பார்க்காமல் விடுவது வேறு. எனக்கு அது விளங்க ஒரு ஆணி தேவைப்பட்டது.

ஏழாவது கிழமை இரண்டு நாள் விடாமல் மழை பெய்தது. எனக்குச் சந்தோசம். பூட்டியே இருந்த கதவை மூன்றாம் நாள் காலை திறந்துவிட்டு, நான் ஏறவில்லை. “நீங்கள் மணந்து பாருங்கோ அக்கா.”

ராஜி அக்கா படியில் காலை வைத்து நின்றார். “ஒண்டும் மணக்கேல்லையே.”

“அதுதான் வேணும்.”

நெற்றிக்குள் ஏறி, நாலு மூலையும் குத்தி, மீற்றரைக் குகன் அண்ணைக்கும் காட்டிவிட்டு இறங்கினேன். பிறகு கொழுக்கி. அதே தூண், அதே உயரம். இந்தமுறை ஸ்குரூட்ரைவர் கீச்சிட்டது. கடைசிச் சுற்றுக்கு இரண்டு கையும் கொடுக்க வேண்டியிருந்தது. உள்ளங்கை சிவந்து கொப்பளித்தது. அந்தக் கொப்பளத்தை ஒரு கிழமை பெருமையோடு வைத்திருந்தேன். மாஸ்ரர் புது எலுமிச்சம்பழம் நாலு வைத்தார். ராஜி அக்கா, விமானத்துக்குப் பக்கத்தில் லொறியை நிறுத்துகிற அதே நிதானத்தோடு, நாலையும் ஒரே உருளலில் நசித்துக்கொண்டு தெருவுக்கு இறங்கினார்.

பள்ளிக்கூட விடுமுறை பாதி கடந்த ஒரு பின்னேரம் ரெலிபோன் அடித்தது.

“தம்பி, நான் ராஜி. இஞ்சை இவரின்ர தம்பி வீட்டு வாசலிலை வண்டியை விட்டிருக்கிறம். வந்து அஞ்சு நாள்.”

“என்னக்கா, ஒழுகுதோ?”

“ஒழுகேல்லை. உம்மட கொழுக்கி சும்மா கிடக்குது எண்டு சொல்லத்தான் எடுத்தனான்.”

“கழண்டு போச்சோ?”

“கழரவுமில்லை. அதிலை பையைக் கொழுவ விட்டால்தானே? நாலு நேரமும் இவரின்ர தம்பி முழங்கை வரைக்கும் கை கழுவிப்போட்டு வந்து, பையைத் தலைக்கு மேலை தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார். கொழுக்கி கிடக்குது எண்டாலும் கேக்கிறாரில்லை. இந்தா, இப்பவும் நிக்கிறார், கேட்டுப் பாரும்.”

வீட்டில் இருந்து வண்டிவரை வயர் இழுபட்டு, ரெலிபோன் கைமாறும் சத்தம் கேட்டது. யாரோ அதை அவர் காதோடு பிடித்துக் கொடுத்திருக்க வேண்டும். நான் முகமே காணாத ஒருவரின் மூச்சு.

“கொழுக்கி இறுக்கமாத்தான் பூட்டினனான், நம்பிக் கொழுவலாம்,” என்றேன். “கை நோகேல்லையோ?”

“பதினொரு வருசமாச் சும்மா தொங்கின கைதானே அண்ணை,” என்றார் அவர். “கொஞ்சம் நோகட்டும்.”